இரண்டாவது கிடார்க்காரன்

அகதெஸ், 6 அக்டோபர் 1997

இது நான், கப்தவான், சொல்வது. திமியாவில் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கும் அத்தை மகன் அமூமுனுக்கு நிறையச் சலாம். உடம்பு எப்படி? கிணற்று மேட்டில் விழுந்த மாமாவின் கால் எப்படி? அத்தை சுகமா? கமலை இழுக்கும் மாடு சுகமா? மாடு சுகமென்றால் நீயும் சுகம்தான், இரண்டு பேருக்கும் ஒரே வேலை, ஒரே மூளை. அத்தை மகனை ஏசாமல் எழுதுவது முறையாகாதே. எனக்கு நிச்சயமான உன் தங்கை ரக்மத்துவைப் பற்றி நான் கேட்கக்கூடாது, கேட்கவில்லை. நீயாகச் சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளவும் மாட்டேன்.

அகாலியின் லாரியில் மாதுளைப் பெட்டிகளின்மேல் இரண்டு நாள் உட்கார்ந்து வந்து சேர்ந்தேன். இந்த ஊரில் எந்தச் சுவரோரம் நிழல் விழுந்தாலும் அங்கே ஒருவன் கிடாரோடு உட்கார்ந்திருக்கிறான். ஆள் கிடைப்பது சுலபம் என்று நினைத்தேன். எல்லாருக்குமே முதல் கிடாராக முன்னால்தான் உட்கார வேண்டுமாம். நேற்று ஒரு டீ வட்டத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். "எனக்குப் பின்னால யாருப்பா வாசிக்கிறீங்க?" என்று கேட்டேன். ஐந்து பேரும் டீயைக் குடித்தார்கள். கடைசியில் ஒருவன், "நீ வேணா எனக்குப் பின்னால வாசி, டீ நான் போடறேன்" என்றான்.

கேசட் கடை அத்தாஹிரிடம் நம் பாட்டில் இரண்டைப் பாடிக் காட்டினேன். "குரல் இருக்கு. ஆனா ஒத்தக் கிடாரோட வந்தா நான் பதிவு பண்ண மாட்டேன். ஆள் சேத்துக்கிட்டு வா, பிப்ரவரி கடைசி வரைக்கும் பாக்கறேன்" என்கிறான். நான் ஆள் தேடி அலைவது அதனால்தான்.

தாளத்துக்கு ஒருவன் கிடைத்துவிட்டான். சுலே என்று ஹவுசா இனத்துக்காரன், தெற்கிலிருந்து வந்து கசாப்புக் கடை வைத்திருக்கிறான். தொட்டித் தண்ணீரில் சுரைக்குடுவையைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டுகிறான், நெஞ்சுக்குள் அதிர்கிறது. முதல் பாட்டைக் கேட்டுவிட்டு, "உங்க பாட்டுல ஒட்டகம் நொண்டுதேப்பா. அத நிமித்தணுமா, நொண்ட விடணுமா?" என்று கேட்டான். நொண்ட விடு என்றேன். அன்றிலிருந்து நம் ஆள்.

எனக்குப் பின்னால் இரண்டாவது கிடாராக உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது. வெங்காயத்தைப் பிடுங்கியதும் கிடாரைத் தூக்கிக்கொண்டு வா. தண்ணீர் இறைப்பவர்களுக்கும், இறைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கும் சலாம். என் பேச்சு முடிந்தது.

திமியா, 19 அக்டோபர்

இது நான், அமூமுன், சொல்வது. ஊரெல்லாம் சுற்றிச் சோறு கிடைக்காத மாமன் மகனுக்குச் சலாம். பட்டினியில் தொண்டை காய்ந்து கழுதைக் குரல் வந்துவிட்டதா, அல்லது பழைய ஆட்டுக் குரலேதானா? அப்பாவின் கால் ஒட்டிக்கொண்டு வருகிறது. அம்மா சுகம். நீ கேட்காதவளும் சுகம். உன் கடிதத்தை அவள் மூன்று தடவை கேட்டு வாங்கினாள். என் எழுத்தில் ஏதோ பிழை பார்க்க வேண்டுமாம். எழுதியது கப்தவானல்லவா என்றேன், ஓடிவிட்டாள்.

வெங்காய நாற்று இப்போதுதான் நட்டிருக்கிறது. பிப்ரவரிக்கு முன்னால் பிடுங்க முடியாது. காலையில் மாட்டோடு முன்னும் பின்னும் நடக்கிறேன், பகலில் ஆரஞ்சு மரத்தடியில் உன் பாட்டுகளுக்குப் பின்வாசிப்பு வாசிக்கிறேன். முன்வாசிப்பு இல்லாமல் பின்வாசிப்பு மட்டும் கேட்டால் எப்படியிருக்கும் தெரியுமா? யாரோ ஒருவனுக்குத் தலையாட்டிக்கொண்டே இருப்பது போலிருக்கும்.

போன வாரம் மேலத் தோட்டத்தில் கல்யாணம். கிடாரோடு போனேன். பெண்கள் உரல்வாயில் தோல் கட்டித் தட்டும் மேளத்தை நிறுத்திவிட்டு, "பாட்டுக்காரன் எங்கே?" என்றார்கள். "நான் நிக்கிறது தெரியலையா?" என்றேன். "நீ வாசிப்ப. பாடறது யாரு?" என்று கேட்டுவிட்டு மறுபடி மேளத்தைத் தட்ட ஆரம்பித்தார்கள். சிரித்துக்கொண்டே திரும்பி வந்தேன். மனசுக்குள் சிரிப்பு வரவில்லை.

சுலேக்குச் சலாம் சொல். பதிவு வரைக்கும் என் இடத்தில் ஒரு கம்பு மூட்டையைத் தூக்கி வை. ஆள் யாரையும் வைக்காதே. மூட்டை உன்னோடு சண்டை போடாது. நானும் பேச்சை நிறுத்துகிறேன், மாடு கூப்பிடுகிறது.

அகதெஸ், 15 நவம்பர்

இது நான், கப்தவான், சொல்வது. மாட்டுக்கு மச்சானான அமூமுனுக்குச் சலாம். குளிர் எப்படி? அத்தைக்கு இருமல் வந்ததா? இங்கே தூசி காற்றோடு எழுந்து மசூதியின் மண் கோபுரமே தெரியவில்லை, அதைத் தவிர எல்லாம் நலம்.

மச்சான், கேள். மூட்டை வேண்டாம். ஆள் கிடைத்துவிட்டான்.

கமதீன் என்று பெயர். லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறான், என்னைவிட ஒரு வயது சின்னவன். ஒரு கல்யாண வீட்டில் சாயங்காலம் பந்தலுக்குப் பின்னால், யாரும் பார்க்காத இடத்தில் உட்கார்ந்து, பெண்களின் உரல் மேளத்துக்கு மெல்ல ஒத்து வாசித்துக்கொண்டிருந்தான். இடதுகைக்காரன். கிடாரைத் தலைகீழாகப் பிடிக்கிறான்.

"ஏன் முன்னால வரல?" என்றேன்.

"முன்னால உக்காந்தா என்னைப் பாப்பாங்க. இங்க உக்காந்தா மேளத்தைக் கேக்கலாம்" என்றான்.

இந்த ஊரில் முதல் தடவையாக ஒருவன் பின்னால் உட்கார ஆசைப்பட்டான்! கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ரக்மத்துவின் குதிகாலைப் பற்றிய பாட்டு இருக்கிறதே, அதன் திருப்பத்தைப் பிடிக்க உனக்கு எத்தனை நாள் ஆனது? மூன்று மழைக்காலம். இவனுக்கு மூன்று கோப்பை டீ. நான் எங்கே மூச்சு விடுவேன் என்று எனக்கு முன்னாலேயே தெரிகிறது இவனுக்கு. கோபப்படாதே. நீ வந்ததும் யார் எங்கே உட்காருவது என்று பேசிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு சிக்கல். கல்யாண வீடுகளில் முதலில் கேட்பது யார் பிள்ளை என்றுதானே? இவன், "தெரியாது" என்கிறான். பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பஞ்சம் வந்த வருடத்தில் தாய் செத்துப்போனாள், பதினொரு வயதில் தனியாக வந்தவன். தாய் பெயர் தாஹியா, திமியாப் பக்கம் என்பது மட்டும் நினைவிருக்கிறதாம். அத்தைக்குத் தெரிந்திருக்கும். நிச்சயம் பேசியதிலிருந்து மாமியார் என்று அத்தையின் நிழலில்கூட நான் நிற்க முடியாது, எப்படிக் கேட்டு எழுதுவேன்? நீ விசாரித்து எழுது. இது விளையாட்டில்லை. அவன் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறான். கடிதம் கொண்டுவரும் அகாலியின் லாரி வந்தால் என்னைவிட முன்னால் ஓடுகிறான்.

எல்லாருக்கும் சலாம். பேச்சு முடிந்தது.

திமியா, 9 டிசம்பர்

இது நான், அமூமுன், சொல்வது. மாமன் மகன் கப்தவானுக்குச் சலாம். நீயும் உன்னோடு இருப்பவர்களும் சுகமாக இருக்க அல்லாஹ் அருள்வான். நாங்கள் சுகம்.

இரண்டு லாரி உனக்குக் கடிதம் இல்லாமல் வந்திருக்கும். விசாரிக்க நேரமானது.

கமதீனைப் பற்றிக் கேட்டிருந்தாய். அவன் தாய் தாஹியா எங்கள் கிணற்றுக்குப் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவள். என் அம்மா கைக்குழந்தையாக இருந்தபோது வீட்டில் பால் இல்லை. அப்போதுதான் முதல் பிள்ளை பெற்றிருந்த தாஹியா தன் பாலைக் கொடுத்து வளர்த்தாள். கமதீன் அவளுடைய கடைசிப் பிள்ளை. ஒரே பால் குடித்தால் கூடப்பிறந்த முறைதான், ஆக அவன் என் அம்மாவுக்குப் பால்வழித் தம்பி. எனக்கும் ரக்மத்துவுக்கும் தாய்மாமன். உனக்கு மாமனார் முறை.

வயதில் சின்னவன் என்று நினைக்கலாம். முறை என்றால் முறைதான். அவர் முன்னால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இதில் விளையாட்டு ஒன்றும் இல்லை, அம்மா தலைமேல் ஆணை.

அம்மாவிடம் யார் மூலமாகவும் இதைக் கேட்டனுப்பாதே. பஞ்ச காலத்தைப் பேசினாலே அழுகிறாள்.

எல்லாருக்கும் சலாம்.

அகதெஸ், 11 ஜனவரி 1998

இது நான், கப்தவான், சொல்வது. என்னை உயிரோடு புதைத்த அத்தை மகனுக்குச் சலாம். அத்தைக்கும் மாமாவுக்கும் என் மரியாதை. வெங்காயம் எப்படி?

உன் கடிதத்தை உன் தாய்மாமன் முன்னாலேயே படித்துத் தொலைத்தேன். பாதியில் என் கை தானாக முகத்துணியை மூக்குக்கு மேல் இழுத்துவிட்டது. "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். சுலேதான் என் வாயிலிருந்து பிடுங்கிச் சொன்னான். அவர் கிடாரைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு அக்கா இருக்காளா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு அழுதார், மச்சான். மறுநாள் கடன் வாங்கி ஒரு புதுத் தலைத்துணி சுற்றிக்கொண்டு வந்தார். பெண்ணின் மாமன் பஞ்சர் கடைக்காரன் மாதிரி இருக்கக்கூடாதாம்.

அன்றிலிருந்து என் வாய் துணிக்குள் மூடியே கிடக்கிறது, மாமனார் கண்ணில் மருமகன் வாய் படக்கூடாதே. அவர் பெயரை நான் சொல்லக்கூடாது. அவர் முன்னால் சாப்பிட முடியாது, மூன்று பேருக்கும் ஒரே சட்டியில் கம்பங்கூழ் வருகிறது, நான் பசி இல்லை என்கிறேன். அதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். பாட்டுக்கு என்ன செய்வது? என் பாட்டில் முக்கால்வாசி ரக்மத்து. அவள் குதிகாலை அவளுடைய தாய்மாமன் முன்னால் வாய் திறந்து எப்படிப் பாடுவேன், நீயே சொல்லு! போன வாரக் கல்யாணத்தில் முயன்று பார்த்தேன். குரல் துணிக்குள்ளேயே நின்றுவிட்டது. ஒரு பெண், "ஏன்டி இவன் வயித்துவலிக்காரன் மாதிரி முனகறான்?" என்றாள். பந்தல் முழுக்கச் சிரிப்பு.

சுலேக்குப் பொறுக்கவில்லை. "என்னப்பா உங்க முறை! எங்க ஊர்ல மாமனாருக்கு ஒரு தொடைக்கறி குடுத்து வீட்டுக்கு அனுப்பிருவோம்" என்கிறான். அத்தாஹிர் கேட்டான், பதிவுக்கு வருகிறீர்களா இல்லையா என்று. வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று தெரியவில்லை. ஏதாவது வழி இருந்தால் எழுது. பேச்சு முடிந்தது.

திமியா, 15 ஜனவரி

இது நான், அமூமுன், சொல்வது. முக்காட்டுக்குள் முனகும் பாடகனுக்குச் சலாம். நாங்கள் எல்லாரும் சுகம், நீ சுகமா?

அகாலி டீ குடித்து முடிப்பதற்குள் எழுதுகிறேன். இதற்கு என்ன யோசனை? மாமனை மரியாதையாக அனுப்பிவிடு. பெண்ணின் தாய்மாமன் கல்யாணத்துக்குக் கல்யாணம் உட்கார்ந்து கிடார் வாசிப்பது அவருக்கே அழகில்லை என்று சுலேயை விட்டுச் சொல்லச் சொல். அப்பா கோலூன்றி நடக்க ஆரம்பித்துவிட்டார். தண்ணீருக்கு ஆள் பார்த்துவிட்டேன். இன்னும் மூன்றே வாரம், வெங்காயம் தரைக்கு மேலே வந்துவிடும். கிடாருக்குப் புதுத் தந்தி போட்டிருக்கிறேன். பதிவுக்கு நான் இருப்பேன். நீ வா என்று எழுதினால் போதும், அடுத்த லாரியில் ஏறிவிடுவேன். பதிலை இதே லாரியில் அனுப்பு.

எல்லாருக்கும் சலாம். எழுது.

அகதெஸ், 3 மார்ச்

இது நான், கப்தவான், சொல்வது. அத்தை மகன் அமூமுனுக்குச் சலாம். ஆறு லாரியைச் சும்மா அனுப்பிவிட்டேன், கோபத்தில் என் மீசையை மனசுக்குள் நீ எத்தனை தடவை மழித்திருப்பாய் என்று தெரியும். எல்லாரும் சுகமா? வெங்காயம் நல்ல விலைக்குப் போனதா?

அவரை அனுப்ப முடியவில்லை. எந்த மருமகன் மாமனாரைப் போ என்பான்? அவர் போகிறேன் என்று சொன்னதும்தான் எனக்கு இன்னும் வெட்கமாகப் போனது. "என்னாலதான் நீ பாட மாட்டேங்கற, எனக்குத் தெரியாதா? நான் கடைக்குத் திரும்பிப் போறேன்" என்றார். நான் சுலேயின் பக்கம் திரும்பிக்கொண்டு, "அவரையே பாடச் சொல்லு" என்றேன். சுலே, "பாடச் சொல்றாரு" என்றான். இப்படித்தான் நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

மச்சான், அவருக்குக் குரல் இருக்கிறது. இத்தனை நாள் யாரும் கேட்காததால் பாடவில்லை. ரக்மத்துவின் பெயரை மட்டும் எடுத்துவிட்டு என் பாட்டுகளை எல்லாம் அவருக்கே கொடுத்துவிட்டேன். அவர் பாடுகிறார், நான் பின்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு இரண்டாவது கிடார் வாசிக்கிறேன். ஒத்திகையில் முதலில் திணறினேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, இந்த இடத்தில் அமூமுன் என்ன செய்வான் என்று நினைத்துப் பார்த்தேன். உன் விரல் போகும் வழி எல்லாம் வந்துவிட்டது. பிப்ரவரி இருபதில் பதிவு முடிந்தது. கேசட் உறையில் அவர் பெயர்தான் இருக்கிறது, என்னால் சொல்ல முடியாத பெயர்.

கேசட் ஒன்றை அகாலியிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஒரு துணிப் பொட்டலம் இருக்கும், தம்பி அக்காவுக்கு அனுப்பியது. அத்தையிடம் கொடுத்துவிடு.

நீ வருவதாக எழுதியிருந்தாய். உன் இடத்தில் இப்போது நானே உட்கார்ந்துவிட்டேன். மூன்றாவது கிடாருக்கு இங்கே வேலையில்லை. நான் இனிப் பாடப்போவதும் இல்லை. ரக்மத்துவிடம் சொல்லாதே, நானே ஒரு நாள் சொல்லிக்கொள்கிறேன். வருத்தப்படுகிறேனா என்று கேட்காதே. பேச்சு முடிந்தது.

திமியா, 12 மார்ச்

இது நான், அமூமுன், சொல்வது. ஆட்டுக் குரல் மடையனே, கிடாரைத் தூக்கிக் கிணற்றில் போட வேண்டிய முட்டாளே, உனக்குச் சலாம். அப்பா அம்மா சுகம். நான் சுகமில்லை.

அகாலி லாரியிலேயே கேசட்டைப் போட்டான். லாரியைச் சுற்றி ஊரே நின்றது. ரக்மத்து முதல் பாட்டுக்குத் தலையைக் குனிந்துகொண்டாள், பிறகு நிமிர்ந்து, "இது யார் குரல்?" என்றாள். நான் குரலைக் கேட்கவேயில்லை, பின்னால் போன கிடாரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அது என் வாசிப்பு. ஒவ்வொரு திருப்பமும் ஆரஞ்சு மரத்தடியில் நான் கண்டுபிடித்தது. நான் வாசிப்பதைவிட நன்றாக இருந்தது! அந்த இடத்திலேயே எனக்கு வயிறு எரிந்தது, கப்தவான். முதலில் கமதீன் மேல் எரிந்தேன், இப்போது உன் மேல்.

சொல்லிவிடுகிறேன். கமதீன் என் அம்மாவுக்குத் தம்பி இல்லை. யாரும் யாருக்கும் பால் கொடுக்கவில்லை. நான் அம்மாவிடம் விசாரிக்கவே இல்லை. நீ எழுதினாயே, எனக்கு மூன்று மழைக்காலம் ஆனது அவனுக்கு மூன்று கோப்பை டீ ஆனது என்று, அதைப் படித்த பிறகு இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவனைத் திருடன் என்று எழுதலாமா என்று பார்த்தேன். நீ நம்பமாட்டாய், நம்பினாலும் அவனைத் திருத்தி வைத்துக்கொள்வாய். உறவுக்காரன் என்று எழுதினால்தான் உன்னால் அவனோடு உட்கார முடியாது என்று கணக்குப் போட்டேன். அவன் போய்விடுவான், நான் வந்துவிடுவேன் என்று நினைத்தேன். நீ வாயை மூடிக்கொள்வாய் என்று நினைக்கவில்லை.

துணியைப் பார்த்து அம்மா, "யாரு அனுப்பினது?" என்று கேட்டாள். நீ அனுப்பியதாகச் சொன்னேன். மருமகன் அனுப்பியது என்று பத்து வீட்டுக்குக் காட்டிவிட்டாள்.

முகத்துணியைக் கழற்று. வாயைத் திறந்து பாடு. அவன் உனக்கு யாரும் இல்லை. இதுவும் அம்மா தலைமேல் ஆணை. திட்டி எழுது, நான் காத்திருக்கிறேன்.

அகதெஸ், 26 மார்ச்

இது நான், கப்தவான், சொல்வது. பொய்யிலேயே பிறந்த அத்தை மகனுக்குச் சலாம், சலாம், சலாம். எல்லாரும் நலம்தானே?

உன் கடிதத்தை டீ வட்டத்தில் உரக்கப் படித்தேன். சுலேக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. நல்ல வேளை அவர் அங்கே இல்லை. அடப்பாவி, நல்ல குழிதான் வெட்டியிருக்கிறாய்! நான் மாமனார் முன்னால் வாயைத் திறந்து மகளின் குதிகாலைப் பாட வேண்டும், அவர் எழுந்து போக வேண்டும், கல்யாணம் நிற்க வேண்டும், நீ இரண்டு ஊருக்கும் சொல்லிச் சிரிக்க வேண்டும். இதற்கு நான் விழுவேனா?

உண்மை எழுதும்போது நீ எப்படி எழுதுவாய் என்று எனக்குத் தெரியாதா? டிசம்பர் கடிதத்தில் என்னை ஒரு வார்த்தைகூட ஏசவில்லை. அதைப் பார்த்துத்தான் நம்பினேன். இதில் முதல் வரியே மடையன், முட்டாள்! அத்தை தலைமேல் இரண்டாவது தடவை ஆணையிட்டதுதான் கொஞ்சம் அதிகம், அதையும் மன்னித்தேன்.

அவர் அக்காவைப் பார்க்கத் திமியாவுக்கு வர வேண்டும் என்கிறார். வெயில் தணிந்ததும் அழைத்துக்கொண்டு வருகிறேன். பேச்சு முடிந்தது, சிரிப்பு முடியவில்லை.

திமியா, 9 ஏப்ரல்

அமூமுனின் தாய் ஹவாலா சொல்வது. என் அண்ணன் மகன் கப்தவானுக்குச் சலாம். நீ சுகமாக இரு.

பெண் எடுக்கப்போகிறவனுக்கு மாமியார் எழுதுவது வழக்கமில்லை. எழுத வேண்டி வந்துவிட்டது. ரக்மத்துவிடம் கொடுக்காமல் நானே எழுதுகிறேன், எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்.

நான் என் தாயின் பாலைத் தவிர வேறு பால் குடித்ததில்லை. தாஹியாவைத் தெரியும். கிணற்றடியில் எனக்குத் தலை பின்னிவிட்டிருக்கிறாள். நல்ல பெண், நன்றாகப் பாடுவாள். அவ்வளவுதான் உறவு.

பொய் சொன்னவன் என் மகன். அவனே வந்து என் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். மீசை வந்த பிள்ளையை அடித்தேன், அடித்த பிறகு எனக்குத்தான் கை வலித்தது. அவன் என் தலைமேல் ஆணையிட்ட அன்றைக்கு நான் கம்பு குத்திக்கொண்டிருந்திருப்பேன், என் தலையை யாரும் கேட்கவில்லை.

துணியைத் திருப்பி அனுப்புவதாக இருந்தேன். ஏற்கெனவே உடுத்திவிட்டேன். அந்தப் பிள்ளையிடம் சொல், தாஹியாவின் மகனாக வந்தால் என் வீட்டில் சாப்பிடலாம். உன் தொண்டையைப் பார்த்துக்கொள்.

அகதெஸ், 4 மே

இது நான், கப்தவான், சொல்வது. திமியாவிலிருக்கும் மரியாதைக்குரிய அமூமுன் அவர்களுக்குச் சலாம். தாங்கள் நலமென்று நம்புகிறேன். தங்கள் தந்தையாருக்கும் தாயாருக்கும் என் வணக்கம். நாங்கள் எல்லாரும் நலம், ஒரு குறையும் இல்லை.

தங்கள் தாயாரின் கடிதம் வந்தது. கமதீனிடம் படித்துக் காட்டினேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைத்துத்தான் படித்தேன். அந்தப் புதுத் தலைத்துணியை அவிழ்த்து மடித்து வைத்தான். பிறகு, "அஞ்சு மாசம் எனக்கு ஒரு அக்கா இருந்தா. பரவாயில்ல" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "ஏன் இன்னும் மூடிக்கிட்டு உக்காந்திருக்க? பாடு" என்றான். பாடினேன். தொண்டை துருப்பிடித்திருந்தது, இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அவன் இப்போது பின்னால் உட்கார்ந்து வாசிக்கிறான். மழைக்குப் பிறகு இன்னொரு கேசட் பதிவு செய்வதாக அத்தாஹிர் சொல்லியிருக்கிறான்.

சுலே மிகவும் கோபமாக இருக்கிறான். எனக்குத் தங்கள் மேல் கோபம் எதுவும் இல்லை. தங்களுக்கு எப்படி எழுதுவது என்று மட்டும் தெரியவில்லை, ஆகவே மரியாதைக்குரியவர்களுக்கு எழுதும் விதத்தில் எழுதுகிறேன். இனி எப்போதும் இப்படியே எழுதலாம் என்று நினைக்கிறேன். இதில் பிழை வராது.

கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, மழை முடிந்து மந்தைகள் உப்பு மண் மேய்ச்சலுக்குப் போகும் மாதம். பெண்ணின் அண்ணன் என்ற முறையில் தாங்கள் அவசியம் வர வேண்டும். பெரியவர்களோடு தங்களுக்குப் பாய் விரிக்கச் சொல்லியிருக்கிறேன். முதல் கோப்பை டீ தங்களுக்குத்தான். நாங்கள் பாடும் பந்தலிலிருந்து அந்த இடம் சற்றுத் தள்ளி இருக்கும், சத்தம் தங்களைத் தொந்தரவு செய்யாது.

வெங்காயம் இந்த வருடம் நன்றாக விளைந்ததாக அகாலி சொன்னார். மிகவும் மகிழ்ச்சி. வெயில் அதிகமாக இருக்கிறது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.